காபி கேட்ட பெண்

ஆடி 16, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் மாசி மாதமே சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள்? என் தங்கை வீரலட்சுமி கேட்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் அவள் மகள் கார்த்தீஸ்வரியும் கேட்கவில்லை. "முகம் வெளுத்திருக்கிறது, ரத்தம் பத்தாது" என்று நான் வாசலில் வைத்தே சொன்னதை, விருதுநகர் பெரியாஸ்பத்திரி டாக்டர் பிரிசில்லா இன்றைக்குப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துச் சொல்கிறார். நான் சீட்டு இல்லாமல் சொன்னவன்.

படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் அருப்புக்கோட்டையில் குருவையா மைக்செட் என்றால் தெரியாத ஆள் கிடையாது. பஞ்சாங்கம் எனக்கு மனப்பாடம். வாரப் பத்திரிகைகளில் வரும் மருத்துவப் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படித்ததில் பாதி டாக்டர். மீதிப் பாதி அனுபவம்.

இந்த டைரி கார்த்தி கொடுத்தது. "மாமா, நீங்க விடுற கதையெல்லாம் இதுல எழுதி வைங்க. எம் பிள்ளைக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

விடுகிற கதையாம். எல்லாம் நடந்தது.

அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவதற்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். ஒரு குழாய்க்குள் குளவிக் கூடு. தட்டிவிட்டேன்.

ஆடி 19, வெள்ளி

சாத்தூரிலிருந்து சம்பந்தியம்மாள் தனபாக்கியம் பூ, பழத்தோடு வந்திறங்கினார். மகன் சபரிநாதன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருப்பதால் முடிவெல்லாம் அம்மா கையில்.

"சம்பந்தி, ஆடியில வேணாம். ஆவணியில நல்ல நேரமாக் குறிச்சுக் குடுங்க. பஜார்ல இருக்கிற நர்சிங் ஹோம்ல பேசிட்டேன். ஆபரேஷன்னா வலியும் கெடையாது, ரத்தமும் போகாது. எல்லாம் டாக்டர் கண்ணு முன்னால நடக்குதுல்ல?"

வீரலட்சுமிக்கு மூக்கு விடைத்துவிட்டது. "கத்தி வச்சா ரத்தம் போகாதாக்கும்! நான் இவளைச் சுகப்பிரசவமாத்தான் பெத்தேன். மறுநாளே எந்திரிச்சுத் துணி அலசினேன்."

"அது அந்தக் காலத்து ஒடம்பு."

"ஏன், எனக்கென்ன நூறு வயசா ஆகுது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றேன். சபையில் அப்படித்தான் பேச வேண்டும். பிறகு பஞ்சாங்கத்தை விரித்து, ஆவணி பதிமூன்று புதன் காலை, குரு ஓரை என்று குறித்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் பிறந்தால் கலெக்டர். நான் நேரம் குறித்துப் பிறந்த பிள்ளைகளில் ஏற்கெனவே ஒரு தாசில்தார் இருக்கிறார்.

கார்த்தி வயிற்றைத் தடவிக்கொண்டு, "அதுக்கு மின்னாடியே வந்துட்டா மாமா?" என்றாள்.

"வராதுத்தா. சொல்லி வச்சிருக்கேன்."

ஆடி 22, திங்கள்

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் பரிசோதனை. டாக்டர் பிரிசில்லா நல்ல மனுஷி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். (மின்விசிறியைக் கூட்டி வைக்க எழுந்தார் என்று வீரலட்சுமி சொல்வாள்.)

நர்சிங் ஹோம், குறித்த நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"சுகப்பிரசவம்னா ரத்தம் போகாதுங்கிறதும் தப்பு, ஆபரேஷன்னா போகாதுங்கிறதும் தப்புங்க ஐயா. ரெண்டுலயும் போகும். பொதுவாச் சுகப்பிரசவத்துல கம்மி. ஆபரேஷன்ல அதைவிடக் கூட. வலியெடுத்து ரொம்ப நேரமாகி, அப்புறம் வேற வழியில்லாம அவசரமா ஆபரேஷன் பண்றோம் பாருங்க, அதுல இன்னும் பயம் அதிகம். பிள்ளை வெளிய வந்த பெறகு கர்ப்பப்பை இறுகிக் கல்லு மாதிரி ஆகணும். இறுகினாத்தான் உள்ள ரத்தக்குழாய் வாயெல்லாம் மூடும். களைச்சுப்போன கர்ப்பப்பை இறுகாது."

நாள் முழுக்கப் பாடவிட்ட ஆம்பிளிஃபயர் கடைசியில் கரகரக்கிற மாதிரி என்றேன். டாக்டருக்கு அந்த உவமை ரொம்பப் பிடித்துவிட்டது. எழுதி வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"ஆயுதம் போட்டு எடுத்தா?" என்று கேட்டேன். பொது அறிவுக்காகத்தான்.

"அதுலயும் உண்டு. உள்ள கிழிஞ்சு போச்சுன்னா அந்த வழியாப் போகும். ஆனா எந்த முறைங்கிறதைவிட இவளுக்கு முக்கியம் வேற. ஒடம்புல ரத்தம் கம்மி. மத்தவங்க தாங்குற இழப்பை இவ தாங்க மாட்டா. பிள்ளை தலை கீழதான் இருக்கு, சுகப்பிரசவத்துக்கே வழி இருக்கு. எங்க வேணா பாருங்க, ரத்தம் கையில இருக்கிற எடமாப் பாருங்க. வலி வந்ததும் வந்துரணும்."

பஸ்ஸில் வீரலட்சுமி, "என்னண்ணே, பேசாம வர்றீங்க?" என்றாள். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன்.

வீட்டுக்கு வந்து அன்னமயில் படத்துக்குப் பூ மாற்றினேன். அன்னமயில் என் வீட்டுக்காரி. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனவள். வெள்ளிக்கிழமைதான் பூ மாற்றுவது வழக்கம். இன்று கதம்பம் மலிவு.

ஆடி 26, வெள்ளி

சம்பந்தியம்மாள் பிடிவாதமாகப் பஜார் நர்சிங் ஹோமிலேயே நிற்கிறார். பெரியாஸ்பத்திரி என்றால் கூட்டம், வாடை என்கிறார். வீரலட்சுமிக்கும் அது தூரம். நர்சிங் ஹோம் என்றால் நடந்து போய்ச் சோறு கொடுத்துவிட்டு வரலாமாம்.

சொன்னால் கேட்கிறவர்கள் இல்லை. அதனால் நடந்த ஒன்றைச் சொன்னேன்.

பந்தல்குடியில் ஒரு பெண். நான் அங்கே கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போயிருந்தேன். இரண்டு நாள் வலி. சின்ன ஆஸ்பத்திரி. முடியாமல் போய் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. புருஷன்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் நேரே உள்ளே போய்ச் சட்டைக் கையை மடக்கி, எடுங்கள் என்று நீட்டினேன். ஒரு பாட்டில். அது ஏறி முடிவதற்குள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, "ஒரு காபி கிடைக்குமா? சர்க்கரை கம்மியா" என்று கேட்டாள்.

கார்த்தி கண்ணை விரித்தாள். "சர்க்கரை கம்மியாவா மாமா?"

"ஆமாத்தா. அந்த நேரத்துலயும் பாரேன்."

வீரலட்சுமி பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் அப்போது எதுவும் இல்லை.

சம்பந்தியம்மாள் யோசித்தார். "அப்ப இந்த நர்சிங் ஹோம்ல ரத்தம் இருக்காதா?"

"இருக்காது சம்பந்தியம்மா. வேணும்னா விருதுநகருக்கு ஆள் போகணும். ஆள் போயி, எழுதிக் குடுத்து, வாங்கி, பஸ்ஸு கெடைச்சு, அவன் வந்து சேர்றதுக்குள்ள..."

அதற்குள் டீ வந்துவிட்டதால் மேலே சொல்லவில்லை.

டீ குடித்து முடித்துவிட்டு, "சரி, பெரியாஸ்பத்திரிக்கே போவோம். ஆனா நேரம் காலம் எல்லாம் நீங்க பாத்துச் சொல்றதுதான்" என்றார். என் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு அப்படி.

ஆடி 29, திங்கள்

ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வந்தால் கார்த்திக்கு எடுத்து வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மன் கோவில் பொங்கலில் சாமி பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கையில் எடுத்தேன். பந்தல்குடி விஷயத்தை எடுத்துச் சொன்னேன். "இரண்டு பாட்டில் கொடுத்தேன், எனக்கு என்ன குறைந்துபோயிற்று?" என்று கேட்டேன். பெண்கள் அழுதார்கள். நாற்பது பேர் கை தூக்கினார்கள்.

வீரலட்சுமி பொங்கல் பானையைத் துடைத்துக்கொண்டே, "போன வாரம் ஒரு பாட்டில்தானண்ணே?" என்றாள்.

ஆடி 31, புதன்

வேனில் வந்தது மூன்று பேர். டீ மாஸ்டர் பால்பாண்டி, பந்தல்காரர் மகன்கள் இரண்டு பேர். மற்ற முப்பத்தேழு பேரும் மனதளவில் கூட இருந்தார்கள்.

பால்பாண்டி வழியெல்லாம், "அண்ணே, குடுத்தா மயக்கம் வருமா? எம் பொண்டாட்டி, இருக்கிற ரெண்டு சொட்டையும் குடுத்துட்டு வராதீகன்னு சொல்லிவிட்டா" என்று புலம்பிக்கொண்டு வந்தான். கொடுத்து முடித்ததும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்றான்.

பந்தல்குடியில் கொடுத்த கை என்று சொல்லி நானும் நீட்டினேன். என் ரத்தம் ரொம்பக் கெட்டி, சாதாரண ஆட்களுக்கு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயது கூடிவிட்டது என்றும் ஒரு பெண் சொன்னாள். அது சும்மா பேச்சுக்கு.

"பந்தல்குடியில குடுத்தது எந்த வருஷம் ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சத்தத்தில் கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஆவணி 2, சனி

கார்த்தி இரும்புச்சத்து மாத்திரையை முழுங்காமல் செம்பருத்திச் செடியடியில் போடுகிறாள். செடி செழிப்பாக இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன்.

ஆவணி 5, செவ்வாய்

காலையில் பலகாரம் முடிந்தபிறகு கார்த்திக்கு இடுப்பு வலி. வீரலட்சுமி, "சூட்டு வலியா இருக்கும்" என்று சீரகத் தண்ணீர் கொடுத்தாள். மத்தியானம் வலி கூடியது. சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டோம். "செவ்வாக்கெழமை மூணுல இருந்து நாலரை ராகு காலம். அதுல வாசப்படி தாண்ட வேணாம். சம்பந்திகிட்டயும் கேட்டுக்கிருங்க" என்றார்.

நானும் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். மூன்றிலிருந்து நாலரைதான். பார்த்ததைச் சொன்னேன்.

கார்த்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "போயிருவோம் மாமா" என்றாள். "இந்தா, கொஞ்ச நேரம்த்தா" என்றேன்.

நாலரைக்கு மேல் கார் பிடித்துப் போனோம். "எப்பயிருந்து வலி?" என்று டாக்டர் பிரிசில்லா கேட்டார். "இப்பத்தான் டாக்டர்" என்றாள் வீரலட்சுமி. நான் கார்க்காரனுக்கு வழி சொல்லப் போய்விட்டேன்.

ஆவணி 6, புதன்

பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்கள். கரகரவென்று உயிரை வாங்குகிறது. ஒயர் லூஸ். ஒரு திருப்புளி இருந்தால் நான் சரிசெய்துவிடுவேன்.

விடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. சம்பந்தியம்மாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "தலை பாதியில நின்னுருச்சு. பிள்ளையோட நாடித் துடிப்பு கொறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். அவகிட்டச் சொல்லியாச்சு, சரின்னுட்டா. நீங்க யாராவது கையெழுத்துப் போடுங்க."

சம்பந்தியம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "புதன்கெழமை பன்னெண்டுல இருந்து ஒன்றரை ராகு காலமாச்சே சம்பந்தி. ஒன்றரைக்குப் போட்டா ஆகாதா?"

"அம்மா, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்" என்றார் டாக்டர்.

"ஒன்றரை மணி நேரந்தானே டாக்டர்? நேத்து முழுக்க இருந்தாள்ல?"

வீரலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். விரித்தேன். விரல் வைத்துப் பார்த்தேன். "முடிஞ்சிருச்சு" என்றேன்.

"என்னது?"

"ராகு காலம் முடிஞ்சிருச்சு சம்பந்தியம்மா. எல்லா ஊருக்கும் ஒரே நேரமா? சூரிய உதயத்தை வச்சுக் கணக்கு. விருதுநகர்ல இன்னைக்கு உதயம் முந்தி. ராகு காலமும் முந்தியே வந்துட்டுப் போயிருச்சு. இப்ப அமிர்த யோகம். இதை விட்டா இனி வாரக் கடைசிதான். போடுங்க."

போட்டார். டாக்டர் பிரிசில்லா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். நான் விரித்திருந்தது சித்திரை மாதப் பக்கம்.

பெண் குழந்தை. வீறிட்டு அழுதது. நல்ல குரல், மைக் தேவையில்லை. சம்பந்தியம்மாள் கையில் வாங்கி, "எம் மாமியா மூக்கு" என்றார்.

கார்த்தியை வெளியே கொண்டுவரவில்லை.

ஒரு நர்ஸ் ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். கையில் சிவப்புப் பை. இப்போதெல்லாம் பாட்டில் இல்லை, பை.

டாக்டர் வந்தார். அங்கி முன்புறம் முழுக்க நனைந்திருந்தது. "கர்ப்பப்பை இறுக மாட்டேங்குது. மருந்து போட்டிருக்கோம். எடுத்து வச்சிருந்த ரத்தம் ஏறுது. இன்னும் ஏத்தணும், வங்கியில கேட்டிருக்கோம். பாப்போம்." பிறகு வீரலட்சுமியிடம், "இப்பத்தான் வலின்னு சொன்னீங்க. காலையில இருந்தே வலின்னு அவளே சொல்றா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீரலட்சுமி என்னைப் பார்க்கவில்லை. நான் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயர்தான். சந்தேகமே இல்லை.

இன்னும் கூப்பிடவில்லை.

பால்பாண்டி போன் பண்ணினான். "அண்ணே, என் ரத்தம் ஏறிருச்சா?" என்றான். ஏறுகிறது என்றேன். "நல்லா டீ குடிச்ச ரத்தம்ணே. தூக்கி உக்கார வச்சிரும்" என்றான்.

இன்னும் இல்லை.

வீரலட்சுமி பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணிக்கும் அன்னைக்கு இப்படி ரத்தம் எடுத்து வச்சிருந்தா இருந்திருப்பாகள்லண்ணே? பிள்ளைதான் தங்கலைன்னாலும், அண்ணி இருந்திருப்பாக."

"அது காய்ச்சல்" என்றேன்.

"நான்தானண்ணே தலைமாட்டுல இருந்தேன்."

ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ வேறு பெயர்.

ஆவணி 7, வியாழன்

ரத்தம் நின்றுவிட்டது. கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். பார்க்க விடவில்லை.

மாப்பிள்ளை வந்து பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கினார். சம்பந்தியம்மாள் கேண்டீன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து, "புதன் ராகு காலம் ஒன்றரை வரைக்கும்னு போட்டிருக்கே சம்பந்தி?" என்றார்.

"அது மெட்ராஸ்ல அச்சடிச்ச காலண்டர்" என்றேன்.

பிள்ளையின் துணியைச் சரிசெய்தார். பிறகு, "சரி, யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்லிக்கிறேன்" என்றார்.

ஒரு திருப்புளி கிடைத்தது. ஸ்பீக்கரைச் சரிசெய்துவிட்டேன்.

ஆவணி 8, வெள்ளி

காலையில் பார்க்க விட்டார்கள். கார்த்தி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தாள். கையில் ஊசி, பக்கத்தில் பிள்ளை. அம்மாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். குனிந்தேன்.

"மாமா, ஒரு காபி. சர்க்கரை கம்மியா."

வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நர்ஸ், "காபியெல்லாம் சாயந்தரம் பாத்துக்கலாம்" என்று அதட்டினாள்.

"உள்ள எல்லாரும் ஓடுறாங்க, எனக்குக் குளிருது மாமா. கண்ணைத் தொறக்க முடியலை. அந்தப் பந்தல்குடி அக்காவை நெனைச்சுக்கிட்டே கெடந்தேன். அவங்க எந்திரிச்சுக் காபி கேட்டாங்கள்ல? நானும் எந்திரிச்சதும் கேக்கணும்னு."

"கேட்டுட்டேல்ல. வாங்கித் தர்றேன்த்தா" என்றேன். கேண்டீனுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இந்த டைரியை அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவாள். அதனால் ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன். தாசில்தார், நாற்பது பேர், கெட்டி ரத்தம் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். கேட்க நன்றாக இருக்கிறது.

பந்தல்குடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷன்காரன் நான். ரத்தம் வாங்கி வரச் சொல்லி என்னை மதுரைக்கு அனுப்பினார்கள். கிடைத்தது. பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இறங்கியதும் எதிரே காபிக் கடை. அன்னமயில் எழுந்ததும் குடிப்பாள் என்று ஒரு கூஜாவில் வாங்கிக்கொண்டேன். அவளுக்குச் சர்க்கரை கம்மியாக இருக்க வேண்டும். அதைச் சொல்லி, மறுபடியும் சொல்லி, போடச் சொன்னேன்.

காபி நான் வாங்கிப் போனது. அவள் கேட்கவில்லை.